டாப் ஸ்டேஷனுக்கு ரயில் வந்த காலம்

டாப் ஸ்டேஷனுக்கு வருகிறவர்கள் ரெண்டு கேள்வி கேட்பாங்க. மேகம் எப்ப விலகும்? ஸ்டேஷன் எங்க இருக்கு? முதல் கேள்விக்கு அங்குள்ள டீக்கடைக்காரரே பதில் சொல்லிவிடுவார். ரெண்டாவதுக்குத்தான் இந்தக் குறிப்பு.

ஸ்டேஷன் இருந்தது. நிஜமான ரயில்வே ஸ்டேஷன். மலை விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே. மூணாறு சுற்றுலா விளம்பரம் எதை எடுத்தாலும் இந்த இடத்தின் படம் இருக்கும். ஆனால் ஊர் நம்ம தேனி மாவட்டத்தில், கொட்டக்குடி மலைப்பகுதியில் வருகிறது. மூணாறிலிருந்து 32 கிலோமீட்டர் வந்தால் எல்லை தாண்டியதே தெரியாமல் தமிழ்நாட்டுக்குள் நிற்போம்.

இந்த இடத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது எனக்கு ஒரே குழப்பம்தான். ஒரு ரயில் பாதை எதற்காக மலை விளிம்பில் வந்து முடியவேண்டும்? அதற்கப்புறம் கால் வைக்க இடமில்லையே! கிழக்கே பார்த்தால் ஆயிரம் மீட்டருக்கும் மேலான இறக்கம், அடியில் போடி சமவெளி. பதில் அந்த இறக்கத்திலேயே இருக்கிறது. மூணாறுத் தேயிலை அந்தக் காலத்தில் கொச்சியைப் பார்க்கவில்லை, போடியைப் பார்த்தது.

1877-இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். 1879-இல் தோட்ட முதலாளிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். 1880-இல் ஏ.எச். ஷார்ப் என்பவர் பார்வதி தோட்டத்தில் முதல் தேயிலையை நட்டார். 1897-இல் ஃபின்லே நிறுவனத்தின் கீழ் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. இதெல்லாம் மூணாறு பற்றிய எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். எனக்கு ஆர்வம் அதற்கடுத்த கட்டத்தில்தான். தேயிலை விளைந்தாச்சு, பெட்டியில் அடைச்சாச்சு. அதை தூத்துக்குடித் துறைமுகத்துக்கு எப்படிக் கொண்டுபோவது?

முதலில் மாட்டு வண்டி. அப்புறம் 1902-இல் ஒரு விசித்திரமான ஏற்பாடு: ஒற்றைத் தண்டவாளம். இன்றைக்கு மோனோ ரயில் என்றால் தூணுக்கு மேல் பறக்கிற கண்ணாடிப் பெட்டி நினைவுக்கு வரும். இது அந்த ரகம் இல்லை. சாலையோரம் ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் பெரும்பாலான பாரம் அதில் உருளும் சக்கரங்கள் மேல். வண்டி சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் ஓடும். இழுப்பது மாடு! இதை யூயிங் முறை என்பார்கள். தண்டவாளத்தில் உரசல் குறைவு என்பதால், மண் ரோட்டில் இழுப்பதைவிடப் பல மடங்கு பாரத்தை அதே மாடு இழுத்துவிடும். பின்னாளில் பஞ்சாபின் பட்டியாலா சமஸ்தானத்தில் இதே முறையில் ஒரு ரயில் ஓடியது. அதன் எஞ்சின் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்த்தால் அமைப்பு சட்டெனப் புரியும். டெல்லியில் பாதுகாக்கப்படுவது பட்டியாலாவின் அடையாளம். அதற்கு முன்னோடியான நம்ம மலை வண்டியைப் பற்றிப் பேச ஆளில்லை.

1908-இல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, இரண்டடி அகலக் குறும்பாதை போட்டார்கள். டார்ஜிலிங் மலை ரயிலின் அதே அகலம். சிறிய நீராவி எஞ்சின்கள் வந்தன. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என்று நிலையங்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாகப் போனதால் குண்டளை வேலி ரயில்வே என்று பெயர்.

ரயில் வந்து நிற்கும் இடத்தில் ரோப்வே ஆரம்பம். தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கியபடி சுமார் ஐந்து கிலோமீட்டர் கீழே இறங்கும். இறங்கும் இடம் குரங்கணியை ஒட்டிய கொட்டக்குடி, அதாவது பாட்டம் ஸ்டேஷன். நடுவில் ஒரு நிறுத்தம், சென்ட்ரல் ஸ்டேஷன். அந்தப் பெயர் இன்றைக்கும் மலையில் ஒரு குக்கிராமத்தின் பெயராக நிற்கிறது. பாட்டம் ஸ்டேஷனிலிருந்து வண்டியில் சுமார் 15 கிலோமீட்டர் போனால் போடி. போடியில் அப்போது ரயில் கிடையாது. பக்கத்து நிலையம் என்றால் தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு எல்லாம் தாண்டி அம்மையநாயக்கனூர். இன்றைய கொடைக்கானல் ரோடு. பெரியாறு அணை கட்டியபோதும் (1887–95) சாமான்கள் இந்த நிலையத்தில் இறங்கித்தான் மாட்டு வண்டியில் கூடலூருக்கு வந்தன. அங்கிருந்து தேக்கடிக்குப் பாரம் ஏற்றவும் ஒரு கம்பிப்பாதை இருந்தது. ஆக, மலையில் சாமான் கம்பியில் தொங்கிப் போவது கம்பம் பள்ளத்தாக்குக்குப் புதுசு இல்லை.

கம்பியில் போனது பெட்டிதான். மனுசன் நடந்தான். கங்காணிகள் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கூட்டிவந்த ஆட்கள் மூட்டை முடிச்சு, கைக்குழந்தையோடு இந்த மலையை ஏறித்தான் தோட்டத்துக்குப் போனார்கள். அவர்கள் சாப்பிடவேண்டிய அரிசி தலைக்கு மேலே ரோப்வேயில் போகும்; அவர்கள் கீழே பாதையில் மூச்சு வாங்கிக்கொண்டு. மன்றோ, ஷார்ப் பெயர்களெல்லாம் வருஷத்தோடு நமக்குத் தெரிகிறது. அந்தத் தண்டவாளத்துக்குக் கல் உடைத்த ஒருத்தர் பெயரும் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு 1924. மலையாளிகள் அதைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099 என்பதால். ஜூலையில் ஆரம்பித்த மழை மூணு வாரத்தை ஒட்டி விடாமல் அடித்தது. மாட்டுப்பட்டிப் பக்கம் மலை சரிந்து ஆற்றை மறித்ததாகவும், தேங்கிய தண்ணீர் உடைத்துக்கொண்டு மூணாறை அடித்ததாகவும் சொல்வார்கள். தண்டவாளம், பாலங்கள், நிலையம் எல்லாம் சிதைந்தன. மேற்கே ஆலுவாயிலிருந்து மாங்குளம் வழியாக வந்த பழைய சாலையும் அதே மழையில் போனது. ரயிலைக் கம்பெனி திரும்பக் கட்டவே இல்லை. பதினாறு வருஷம் ஓடிய குறும்பாதை, அவ்ளோதான்.

இனி வருவதுதான் எனக்கு ஆறாத விஷயம். 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது. நாலே நாலு வருஷ வித்தியாசம்! மேலே ரயில் இருந்தபோது கீழே இல்லை. கீழே வந்தபோது மேலே இல்லை. இரண்டும் ஒரே காலத்தில் இருந்திருந்தால், மூணாறில் ஏற்றிய பெட்டி ரயில், ரோப்வே, கொஞ்ச தூரம் வண்டி, மறுபடி ரயில் என்று நேராகத் துறைமுகம் போயிருக்கும். மலைச் சரக்கு கிழக்கே வருவதற்கு அதைவிடப் பலமான காரணம் வேண்டியிருந்திருக்காது.

நடந்தது வேறு. திருவிதாங்கூர் அரசு மேற்கே புதுப்பாதை போட்டது. 1931-இல் நேரியமங்கலம் வழியாக ஆலுவாய் – மூணாறு சாலை திறந்தது; 1935-இல் நேரியமங்கலம் பாலம். தேயிலை கொச்சிக்குத் திரும்பியது. 1956-இல் மாநிலம் பிரித்தபோது தேவிகுளம் யாருக்கு என்ற சண்டையில் மொழிக்கணக்குதான் அதிகம் பேசப்பட்டது. சாலைக்கணக்கையும் சேர்த்துப் பார்க்கணும் என்பது என் எண்ணம். வெள்ளத்தால்தான் தேவிகுளம் போச்சு என்று சொல்லவரலை. மலை எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பது அதற்கு முப்பது வருஷம் முன்பே மாற ஆரம்பித்திருந்தது, அதைத்தான் சொல்கிறேன்.

2018-க்கு முன்னால் ஒருமுறை டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு இறங்கியிருக்கிறேன். இறக்கம்தானே என்று நினைக்காதீங்க. ஏற்றத்துக்கு மூச்சு கேட்கும், இறக்கத்துக்கு முட்டி கேட்கும். மேலே குளிர், தேயிலை. இறங்க இறங்க புல்வெளி, அப்புறம் சோலை, காப்பித் தோட்டம், கடைசியில் வெயிலும் புழுக்கமும். சென்ட்ரலில் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டு உட்கார்ந்தேன். அந்த அம்மாவிடம், "இங்க ரயில் வந்துச்சாம்மா?" என்றேன்.

"ரயிலு மேலயோட நின்னுபோச்சுப்பா. இங்கிட்டு கம்பியில பெட்டி வந்துச்சுன்னு எங்க அப்பத்தா சொல்லும். இப்ப அதுவும் இல்ல. சீக்குன்னா டோலி கட்டித்தான் தூக்கிட்டுப் போறோம்."

அது கதை இல்லை. போடியிலிருந்து குரங்கணி வரை ரோடு இருக்கு. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரோடு இருக்கு. நடுவில் சென்ட்ரல், முதுவாக்குடி போன்ற ஊர்களுக்குக் காலும் குதிரையும்தான். டாப் ஸ்டேஷன்காரர் தன் மாவட்டத்து ஊரான போடிக்கு வண்டியில் வரணும்னா மூணாறு, போடிமெட்டு சுற்றி நூறு கிலோமீட்டரை ஒட்டி வரணும். குரங்கணி – டாப் ஸ்டேஷன் சாலை என்பது ரொம்பக் காலக் கோரிக்கை. ஒவ்வொரு தேர்தலிலும் காதில் விழும். காடு, விலங்கு, மண்சரிவு என்று எதிர்ப்பக்க நியாயங்களும் லேசானவை அல்ல. ஆனால் தேயிலைப் பெட்டிக்கு நூறு வருஷம் முன்பே கிடைத்த வழி, அங்கே வாழ்கிறவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

போடி ரயிலும் சும்மா இருக்கவில்லை. உலகப்போர்க் காலத்தில் நின்று, 1950-களில் திரும்ப வந்து, 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக மறுபடி நின்றது. 2022-இல் தேனி வரை, 2023 ஜூனில் போடி வரை அகலப்பாதையில் ரயில் வந்தது. போடியிலிருந்து இப்போது சென்னை சென்ட்ரலுக்கு நேரடி வண்டியே உண்டு. மலைக்கு மேலிருக்கும் நம்ம சென்ட்ரலுக்கு இதைச் சொன்னால் சிரிப்பாங்க.

நடக்க நினைப்பவர்களுக்கு: 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வனத்துறை அனுமதி இல்லாமல் இந்தப் பக்கம் போகக்கூடாது. கோடையில் போகவே வேண்டாம், புல் காய்ந்து கிடக்கும். நடக்க முடியாதவர்கள் மூணாறு போனால் போதும். பழைய ரயில் நிலையக் கட்டடம் இன்றைக்குத் தேயிலைக் கம்பெனி அலுவலகம். எதிரே நாம் நிற்கிற ரோடு, தண்டவாளம் ஓடிய பள்ளத்தை மூடிப் போட்டது. நல்லதண்ணி தோட்டத்தில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயில் எஞ்சினின் சக்கரம் ஒன்று இருக்கிறது. தேயிலைத் தூள் வாங்கும் அவசரத்தில் பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.