பெரகரா வீதியில் ஒரு கதிரை

ஒவ்வோராண்டும் ஆடி ஆவணி மாதங்களில், எசல பெரகராவின் பத்து இரவுகள் நெருங்கும் வேளையில், கண்டி மாநகரின் வீதிகளில் ஒரு தனிவகை வாணிபம் தலைதூக்குகின்றது. துணிக்கடையின் முன்வாசல், நகைக்கடையின் மேல்மாடி, ஹோட்டலின் பலகணி, நடைபாதையின் ஓரம் யாவும் சில நாட்களுக்குக் காட்சிக்கூடங்களாக மாறிவிடுகின்றன. கதிரைகள் வரிசை வரிசையாக இடப்படுகின்றன. ஒவ்வொரு கதிரைக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலைக்கு நிலையான அளவு இல்லை. முதல் ஐந்து நாள் கும்பல் பெரகராவுக்கு ஒரு விலை, அடுத்த ஐந்து நாள் ரந்தோலி பெரகராவுக்கு வேறொரு விலை, இறுதி இரவுக்கோ கேட்பவரின் முகத்தையும் தோலின் நிறத்தையும் பார்த்துச் சொல்லும் விலை. முன்கூட்டி ஒழுங்கு செய்யாமல் மாலையில் வந்திறங்கும் பயணி, தரகரின் பின்னால் தலதா வீதியில் அங்குமிங்கும் அலைந்து, பேரம் பேசி, இறுதியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையின் உரிமையாளனாகிப் பெருமூச்சு விடுகின்றான்.

அதே வீதியில், அவன் காலடியில், இன்னொரு கூட்டம் இருக்கின்றது. குருநாகலையிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் பஸ் ஏறி வந்த குடும்பங்கள், பாயும் சோற்றுப் பொதியும் தண்ணீர்ப் போத்தலுமாக நண்பகலிலேயே நடைபாதையில் இடம் பிடித்து அமர்ந்துள்ளன. அவர்களிடம் சீட்டு இல்லை. வெயிலில் கழித்த ஏழெட்டு மணி நேரமே அவர்கள் கொடுத்த விலை.

இது அற்ப சங்கதி, திருவிழாக் காலத்துச் சில்லறை வியாபாரம் என்று ஒதுக்கிவிடுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு சமூகம் தன் பொதுச் சொத்தை யார் காணலாம், எங்கிருந்து காணலாம், எவ்வளவு நேரம் காத்திருந்து காணலாம் என்று வகுக்கும் விதத்தில், அச்சமூகத்தின் அமைப்பே வெளிப்படுகின்றது. கண்டி வீதியின் கதிரைக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

புத்தரின் புனித தந்தம் கலிங்க நாட்டிலிருந்து இலங்கைக்கு வந்தது கி.பி. 4 ஆம் நூற்றாண்டில் என்பது மரபு. அடுத்த நூற்றாண்டில் அநுராதபுரத்தில் தங்கியிருந்த சீன யாத்திரிகர் பாகியான், தந்தம் வெளியே எடுத்துவரப்படும் விழாவைத் தம் குறிப்புகளில் வருணித்துள்ளார். விழாவுக்குப் பத்து நாள் முன்னதாக, அலங்கரித்த பெரிய யானை மீது அரச உடை தரித்த ஒருவன் ஏறி, முரசறைந்து, தந்தம் அபயகிரி விகாரைக்கு எழுந்தருளும் செய்தியை நகரெங்கும் அறிவிப்பான். புண்ணியம் தேட விரும்புவோர் வீதிகளைச் செப்பனிட்டு, மலரும் நறும்புகையும் கொண்டு வருக என்பது அறிவிப்பின் சாரம். அந்த முரசொலியில் அரசனின் பெருமையும் கலந்திருந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அது எல்லோரையும் நோக்கி ஒலித்த அழைப்பு.

தந்தம் எவனிடம் உள்ளதோ அவனே இந்நாட்டின் அரசன் என்ற நம்பிக்கை வலுப்பெற்றபோது, தலைநகரம் நகருந்தோறும் தந்தமும் உடன் நகர்ந்தது. 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் விமலதர்மசூரியன் கண்டியில் அதற்கு மாளிகை எடுத்தான். ஆனால் இன்று நாம் காணும் பெரகராவின் முற்பகுதியில் தந்தப் பேழை இடம்பெற்றது அதற்கும் வெகு காலத்தின் பின்னரே. 17 ஆம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் சுமார் இருபதாண்டு சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேர்ட் நொக்ஸ் எழுதிய நூலில் வரும் பெரகரா, தெய்வங்களின் பெரகராவே. நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் ஊர்வலமே அதன் அடிப்படை. பத்தினி யார்? நம் கண்ணகியே. சிலப்பதிகாரம் கூறும் கயவாகு மன்னனின் பெயரோடு அவள் வழிபாட்டைச் சிங்கள மக்களின் மரபும் இணைத்துப் பேசுகின்றது. 1753 இல் சீயத்திலிருந்து உபாலி தேரரும் பிற பிக்குகளும் வந்து உபசம்பதையை மீண்டும் நிறுவிய பின்னரே, அவர்களுடைய வேண்டுகோளின்படி, தந்தப் பேழை முன்னேயும் தேவாலயங்கள் பின்னேயும் செல்லும் முறை உண்டாயிற்று. அம்முறையை ஏற்படுத்திய மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்க வமிசத்தவன். ஓர் இனத்துக்கு மட்டுமே உரியதெனச் சிலர் இன்று முழங்கும் ஒரு விழா, எத்தனை கைகளால் பின்னப்பட்ட மாலை என்பதை நம் மாணவர்கள் அறிதல் வேண்டும்.

அக்காலத்தை நாம் பொற்காலமாக்கிக் காட்டவும் வேண்டியதில்லை. மன்னராட்சியில் பெரகராவுக்கு டிக்கட் இல்லை என்பது மெய். ஆனால் பெருந்தொகையானோர் அங்கு வந்தது பார்வையாளராக அன்று, கடமையாளராக. இராசகாரியம் என்னும் நிலமானிய முறையில், நிலத்தை உண்பவன் அதற்கு ஈடான ஊழியம் செய்தாக வேண்டும். பறை கொட்டுவோன் கொட்டியாக வேண்டும். பந்தம் ஏந்துவோன் ஏந்தியாக வேண்டும். சாதி எதுவோ ஊழியமும் அதுவே. இன்றைக்கும் ஊர்வலத்தின் முன்பகுதியில் யானை மீது வரும் பெரமுனே ராளை என்னும் அலுவலர் கையில் ஏட்டுச் சுவடியொன்றை ஏந்தி வருவதைக் காணலாம். மந்திர நூலோ என்று எண்ணுவோர் பலர். அது கோயில் நிலங்களையும் அவற்றுக்குரிய ஊழியங்களையும் பதிந்த ஏட்டின் சின்னம். யார் என்ன கடன் பட்டவர் என்ற கணக்குப் புத்தகமே அணிவகுப்பில் முன் செல்கின்றது! இதைவிடத் தெளிவாக ஒரு சமுதாயம் தன் உள்ளமைப்பைப் பறைசாற்ற இயலுமா?

1815 இல் கண்டி ஆங்கிலேயர் கைப்பட்டது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு அங்கேயே 1832 இல் மறைந்தான். அவன் எழுப்பிய எண்கோண மண்டபமும் வெட்டுவித்த ஏரியுமே இன்று சுற்றுலாப் படங்களில் கண்டியின் முகமாக விளங்குகின்றன. 1818 இன் கிளர்ச்சியில் தந்தம் கிளர்ச்சியாளர் கைக்குச் சென்று மீண்டும் ஆங்கிலேயரிடம் அகப்பட்டது. அதன் பெறுமதியை அவர்கள் நன்குணர்ந்து கொண்டனர். 1828 இல் தேசாதிபதி பாண்ஸ் தந்தத்தை மக்கள் காணப் பெருங்காட்சி நடத்தினார். கிறிஸ்தவ அரசின் பிரதிநிதி ஒருவர் பௌத்த தந்தத்துக்குக் காட்சி எடுத்தது பக்தியினாலன்று. மன்னனின் ஆசனத்தில் இப்போது அமர்ந்திருப்பவர் யார் என்பதை மக்கள் கண்ணாரக் காணவேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

1832 ஐ அடுத்து இராசகாரியம் பொதுவாக ஒழிக்கப்பட்டபோதும் விகாரை, தேவாலய நிலங்களின் ஊழியம் நீடித்தது. 1870 இன் சட்டம் அதைப் பணமாக மாற்றிச் செலுத்த வழி செய்தது. இதற்கிடையில், 1867 இல், கொழும்பிலிருந்து புகையிரதம் கண்டியை எட்டிற்று. அது கோப்பியை இறக்குவதற்காக இடப்பட்ட பாதை. ஆனால் திரும்பி ஏறும் வண்டியில் பார்வையாளரும் வந்தனர். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்தபோது எசல மாதம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. இருந்தும் அவருக்காகப் பெரகரா நடந்தது. சுதந்திர இலங்கையிலும் 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணியாருக்காகக் கண்டியில் ராஜ பெரகரா நடந்தது. சாதாரண மனிதன் நாளுக்காகக் காத்திருக்கின்றான். அதிகாரம் படைத்தோருக்காகவோ நாளே காத்திருக்கின்றது. கடைசி நேரத்தில் இடம் கிடைக்குமோ என்னும் கவலை அவர்களை ஒருபோதும் தீண்டியதில்லை.

முரசு போய்க் கடமை வந்தது. கடமை தளர்ந்து காசு வந்தது. இதுவே கதிரையின் வரலாறு. ஆனால் கண்டி மலைகளில் 'சீட்டு' என்ற சொல்லுக்கு வேறொரு வரலாறும் உண்டு. அதைக் கூறாமல் இக்கட்டுரையை முடிப்பது நமக்கு அடாது.

அந்தக் கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும் உழைக்கத் தமிழகக் கிராமங்களிலிருந்து வந்தோர், தொடக்கத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் எண்ணிறந்தோர். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்கும் ஒரு டிக்கட் வழங்கப்பட்டது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் பொறித்த தகரத் தட்டு அது. கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிய வேண்டும். பயணி டிக்கட்டை வைத்திருப்பான் என்பது உலக வழக்கு. இங்கோ டிக்கட் பயணியை வைத்திருந்தது. தோட்டத்தை அடைந்த பின் 'துண்டு' வந்தது. இத்தொழிலாளியின் கடன் இவ்வளவு, இதைச் செலுத்துவோருக்கு இவனை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிய காகிதமே துண்டு. 1921 இலேதான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனக் கணக்குப் பிரித்தது. கண்டியில் இயங்கிய இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் வாயிலில் காகிதத்துக்காக நின்ற வரிசைகளை மலையகத்தின் மூத்தோர் இன்றும் மறந்திலர். தலைமன்னாரை நோக்கிச் சென்ற வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. பிறந்த மண்ணைக் கடைசியாகக் காணும் உரிமையைத் தந்த அந்தச் சீட்டை எவரும் கூடுதல் விலை கொடுத்துத் தேடவில்லை. எஞ்சியோரின் பிரசாவுரிமைக்கு வழி திறக்க 2003 இன் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வரிசை என்றால் இதுவன்றோ வரிசை!

இன்றைய நிலையைப் பார்ப்போம். மலையகத்தாரின் உழைப்பால் எழுந்த அதே மலைப்பாதையில், கண்டியிலிருந்து எல்ல நோக்கிச் செல்லும் புகையிரதத்தின் இருக்கைகள், இணையத்தில் விற்பனைக்கு வந்த கணத்திலேயே மறைந்து, பின்னர் பன்மடங்கு விலையில் கறுப்புச் சந்தையில் தோன்றின. 2025 இன் தொடக்கத்தில் இது குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் விசாரணைக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 18 முதல் 27 வரை, 16 ஆண்டுகளுக்குப் பின், புனித தந்தம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதற்குச் சீட்டே இல்லை. இலட்சக்கணக்கானோர் திரண்டனர், நகரின் நாற்புறமும் வரிசை மைல் கணக்கில் நீண்டது, இனிக் கண்டிக்கு வரவேண்டாம் என்று பொலிஸாரே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அந்த வரிசையில் நின்றோருக்கு ஊர்மக்கள் சாதி மதம் பாராது நீரும் உணவும் அளித்தனர். விலை வைத்தால் ஏழை வெளியே நிற்கின்றான்; விலையை எடுத்தால் திட்டமில்லாமையின் சுமை அவன் கால்களில் ஏறுகின்றது. ஆகவே, இலவசம் என்ற ஒரு சொல் மட்டும் நீதியாகிவிடாது. ஒழுங்கும் நீதியின் ஓர் உறுப்பு.

கதிரை தேடி அலையும் வெளிநாட்டுப் பயணியை நாம் எள்ளி நகையாடவில்லை. அவனும் பலர் தத்தம் உழைப்பிற் சேமித்த காசில் வருவது போலவே வந்தவன். தரகர் சொல்லாத சில செய்திகளை அவனுக்குச் சொல்வது நம் கடமை. தலதா மாளிகைக்கு முன்பதிவு தேவையில்லை. வெளிநாட்டார் வாயிலிலேயே சீட்டுப் பெறலாம். இலங்கையருக்குக் கட்டணமே இல்லை. நாளுக்கு மூன்று முறை பூசை வேளையில் பேழையிருக்கும் அறையின் கதவு திறக்கும். அப்போது காண்பது பேழையையே அன்றித் தந்தத்தை அன்று. பெரகராவின் கும்பல் இரவுகளில் நெரிசல் குறைவு. நடைபாதை இன்னும் பொதுச் சொத்து. அங்கு அமர எவர் அனுமதியும் வேண்டியதில்லை. அங்கு அமர்ந்தால் பக்கத்துக் குடும்பத்தின் சோற்றுப் பொதியில் பங்கு கிடைக்கவும் கூடும்.

ஆனால் அந்த நடைபாதை சுருங்கி வருகின்றது என்பதே நம் கவலை. கடைமுன் இட்ட கதிரைகள் ஒவ்வோராண்டும் ஓரடி முன்னே நகர்ந்தால், பாய் விரித்தவன் எங்கே போவான்? கதிரையின் விலையைப் பகிரங்கமாக எழுதி ஒட்டச் செய்தல், நடைபாதையின் ஒரு பகுதியை எக்காரணம் கொண்டும் விற்பனைக்கு விடாதிருத்தல், கதிரை வருமானத்தில் ஒரு பங்கைப் பறை கொட்டுவோர்க்கும் பந்தம் ஏந்துவோர்க்கும் ஆடுவோர்க்கும் முறையாகச் சேர்த்தல் ஆகிய மூன்றும் மாநகர சபையாலும் அரசாலும் இயலாத காரியங்கள் அல்ல. 2020 இல் தொற்றுநோய்க் காலத்தில் பெரகரா பார்வையாளர் இன்றியே நடந்தது. கதிரைகள் இல்லாமலும் பெரகரா நடக்கும் என்பதை அவ்வாண்டு காட்டிற்று. பறையடிப்போனும் பந்தமேந்துவோனும் இல்லாமல் அது ஓரிரவும் நடவாது.

வீதி ஊருக்கு உரியது. கண்ணகியும் கந்தனும் விஷ்ணுவும் நாதரும் புத்தரின் பேழையோடு ஒரே வரிசையில் செல்லும் அவ்வீதியில், கொழுந்து பறிக்கும் தாயும் வயலுழும் தந்தையும் அருகருகே பாய் விரித்து அமரும் இடம் குறையாது இருக்கும் வரையிலேயே அது திருவிழா. அவ்விடமும் விலைபோய்விட்டால் எஞ்சுவது வெறும் காட்சி. காட்சியைக் காசுள்ளோர் காணட்டும் என்று நாம் வாளாவிருக்கலாகாது.