மாடிப்படி ஏறிய நடத்துநர்கள்

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த காலத்தில் பிரித்தானியாவில் மாரடைப்பு நோய் பெருகிவந்தது. நடுவயது ஆண்கள் பலர் திடீரென இறந்தனர். இதன் காரணம் யாது என்பது அன்றைய வைத்திய உலகிற்குப் பெரும் புதிராயிருந்தது. அப்புதிரின் ஒரு முடிச்சை அவிழ்த்தவர் புலம்பெயர்ந்து வந்த குடும்பமொன்றின் மகன் என்பதை எம்மவர் அறிந்திருத்தல் நன்று.

ஜெரி மொரிஸ் என்னும் அவ்வைத்தியர் 1910இல் லிவர்பூலிற் பிறந்து, கிளாஸ்கோவில் வளர்ந்தவர். பெற்றோர் போலந்துப் பகுதியிலிருந்து வந்த யூதர்கள். 1948இல் அமைந்த சமூக மருத்துவ ஆய்வுப் பிரிவைப் பொறுப்பேற்ற அவர், நோயின் வேரைத் தொழிலிலே தேடினார்.

இதற்கு இலண்டன் மாநகரின் இரட்டைத்தட்டு பஸ்கள் அவருக்குக் கைகொடுத்தன. ஒரே பஸ்ஸில் இருவர் பணிபுரிந்தனர். சாரதி வேலைநேரத்தின் பெரும்பகுதியை இருக்கையிலேயே கழித்தார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக நாளொன்றுக்குச் சுமார் 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். இருவரும் ஒரே சமூகத்தவர். ஒரே நிறுவனத்தின் தொழிலாளர். 35 முதல் 64 வயது வரையான ஏறத்தாழ 31,000 போக்குவரத்துத் தொழிலாளரின் விபரங்கள் ஆராயப்பட்டன. நடத்துநர்களிடையே மாரடைப்பு குறைவாகவே காணப்பட்டது. நோய் கண்டவுடன் இறந்தோர் வீதம் சாரதிகளிடம் இருந்ததிற் பாதிக்கும் குறைவு.

மொரிஸ் அவசரப்படவில்லை. நெரிசலில் பஸ் ஓட்டும் மனவழுத்தமே சாரதிகளைக் கொன்றிருக்கலாமல்லவா? ஆகவே அவர் தபால் ஊழியரையும் ஆராய்ந்தார். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் விநியோகித்தோர், அலுவலகத்தில் அமர்ந்திருந்த எழுதுவினைஞரையும் தொலைபேசி இயக்குநரையும் விட இந்நோயால் குறைவாகவே பாதிக்கப்பட்டிருந்தனர். இதன் பின்னரே, 1953இல், 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் முடிவுகள் வெளியாகின.

மற்றொரு ஐயமும் எழுந்தது. பருத்த உடலினர்தாம் சாரதி வேலையை நாடினரோ? இதற்கு விடை தேட, தொழிலாளருக்குத் தைத்து வழங்கப்பட்ட சீருடைகளின் இடுப்பளவுகளை ஆய்வாளர் எடுத்துப் பார்த்தனர். சாரதிகளின் இடுப்பளவு கூடுதலாகவே இருந்தது. ஆயினும் ஒரே இடுப்பளவு கொண்டோரை ஒப்பிட்ட போதும் நடத்துநரே நோய் குறைந்தோராய் விளங்கினர். பருமன் மட்டுமே காரணமாயின் இவ்வாறு இருந்திராது.

பிற்காலத்தில் மொரிஸ் அரசாங்க அலுவலரை ஆராய்ந்தார். அவர்கள் அனைவரும் அமர்ந்து வேலை செய்வோரே. ஓய்வுநேரத்தில் உடலை வருத்திப் பயிற்சி செய்தோருக்கு இதயநோய் குறைவென 1973இல் அறிவித்தார். தொழில் தர மறுப்பதை ஓய்வுநேரத்திற் பெற்றுக்கொள்ளலாம் என்பதே இதன் பொருள். தாமும் முதுமை வரை உடற்பயிற்சியைக் கைவிடாத அவர், 2009இல் 99ஆவது வயதில் மறைந்தார்.

இவ்வரலாறு எமக்கு அந்நியமானதன்று. ஊரிலே வயலுக்கும் கிணற்றடிக்கும் கோயிலுக்கும் நடந்த எம்மவரிற் பலர், வந்த நாட்டில் வாடகைக் காரிலும் கடையின் காசுப்பெட்டி முன்பும் நாட்களைக் கழிக்கின்றனர். பிரித்தானியாவில் வாழும் தெற்காசியரிடையே இதயநோயும் நீரிழிவும் கூடுதலாக உள்ளமை ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது. அதற்குக் காரணங்கள் பல. உடலசைவு குறைந்தமையும் அவற்றிலொன்று.

வளர்ந்தோர் வாரமொன்றுக்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டுமென 2020இல் உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தியது. வேகநடையும் இதில் அடங்கும். இலண்டன் ஆய்வுகள் பெரும்பாலும் ஆண்களையே நோக்கின. இவ்வறிவுரையோ எமது தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் சமமாகவே உரியது. இரண்டு தரிப்பிடம் முன்பாகவே பஸ்ஸை விட்டிறங்கி வீடுவரை நடப்பதற்குப் பணமும் தேவையில்லை, மொழியும் தேவையில்லை. குடும்பத்தைக் காக்கவென இரவுபகலாய் உழைக்கும் நாம், அவ்வுழைப்பைத் தாங்கும் இதயத்தையும் காத்துக்கொள்வோமாக.