ஒன்றரை ஷிப்ட்டும் ஓயாத அசதியும்: திருப்பூர்ப் பனியன் தொழிலில் நீங்காச் சோர்வும் அதற்கான சிகிச்சையும், 1925 முதல்

திருப்பூர் ரயில் நிலையத்தை அடுத்துள்ள காதர்பேட்டையை வெளியூர்க்காரர்கள் மலிவு விலைப் பனியன் சந்தையாகவே அறிவார்கள். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை, செகண்ட்ஸ் என்று கழிக்கப்பட்டவை, உள்நாட்டு ஜட்டி பனியன் எல்லாம் மொத்தமாகவும் சில்லறையாகவும் கைமாறும் இடம் அது. 1925 வாக்கில் குலாம் காதர் நிறுவிய பின்னல் கூடத்திலிருந்து இவ்வூர்ப் பனியன் தொழிலின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அதன் பிந்தைய நூறாண்டுகளைப் பற்றி எழுதியவர்கள் முதலாளிகளின் எழுச்சியையும், 1978க்குப் பிறகு வந்த அயல்நாட்டு ஆர்டர்களையும், நொய்யல் ஆற்றில் கலந்த சாயத்தையும் விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தத் துணியைத் தைத்தவர்களின் உடலில் தங்கிப்போன அசதிக்கு அந்த எழுத்துகளில் கிடைத்த இடம் குறைவு.

இக்கட்டுரை அந்த அசதியின் வரலாற்றை, அதற்குத் தேடப்பட்ட சிகிச்சைகளின் வழியாகத் தொடர முயல்கிறது. இதன் வாதம் ஒன்றுதான். சோர்வைப் பற்றிய மருத்துவமும் வேலை நேரத்தைப் பற்றிய சட்டமும் இங்கே ஒன்றையொன்று திரும்பிப் பாராமலே வளர்ந்தன. ரத்தத்தைச் சோதித்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கடிகாரத்துக்காகப் போராடியவர்கள் ரத்தத்தைக் கேட்கவில்லை. பவர் டேபிளில் உட்கார்ந்தவர்களும், நின்றபடி செக்கிங் பார்த்தவர்களும், பிசிறு வெட்டியவர்களும் இந்த இரண்டுக்கும் நடுவே விடுபட்டுப் போனார்கள்.

கடிகாரம்

சோர்வு ஆராயத்தக்க பொருள் என்ற எண்ணம் தொழிற்சாலைக்குள் நுழைந்தது முதல் உலகப் போரின்போது. வெடிமருந்து ஆலைத் தொழிலாளரின் உடல்நலத்தை ஆராய பிரிட்டன் 1915இல் ஒரு குழுவை அமைத்தது. நீண்ட நேர வேலையைக் குறைத்தால் உற்பத்தி குறைவதில்லை, பல இடங்களில் கூடுகிறது என்பதை அந்த ஆய்வுகள் எண்களோடு காட்டின. 1918இல் தொழிற்சாலைச் சோர்வை ஆராயவே தனி வாரியம் ஒன்றும் அங்கே உருவானது. அதே பேரரசின் இந்தியப் பகுதியில் நிலை வேறு. 1911ஆம் ஆண்டுச் சட்டம் துணி ஆலையின் ஆண் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரத்தை அனுமதித்தது. 1922இல் அது 11 மணி, வாரத்துக்கு 60 மணி என்றானது. 1929இல் அமைக்கப்பட்ட ராயல் தொழிலாளர் ஆணையத்தின் பரிந்துரைகளுக்குப் பின் 1934இல் வாரம் 54 மணியாகவும், 1946இல் 48 மணியாகவும் குறைந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்போடு, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வையும், மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலியையும் விதித்தது.

காதர்பேட்டையைச் சுற்றிய சிறு கூடங்களின் நடைமுறை இந்தப் படிகளில் ஏறி வரவில்லை. பைக்காரா மின்சாரம் 1930களில் கொங்கு நாட்டுக்கு வந்தபின், கையால் சுற்றிய இயந்திரத்துக்கு மோட்டார் வந்தது. இரவு வேலைக்கு விளக்கும் வந்தது. ஏற்றுமதிக் காலத்தில் ‘ஒன்றரை ஷிப்ட்’ நிலைபெற்றது. காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். இரவு எட்டரை, ஒன்பது வரை நீண்டால் ஒன்றரை. ஷிப்மென்ட் நெருக்கினால் நள்ளிரவு தாண்டி இரண்டு. அரை ஷிப்ட்டுக்கு அரை ஷிப்ட் கூலி என்ற கணக்கு புழக்கத்துக்கு வந்தபின், மிகை நேரம் என்ற சட்டக் கருத்தே கரைந்துபோயிற்று. தைக்கும் துண்டுக்கு இவ்வளவு என்ற பீஸ்ரேட்டில் அதற்கு இடமே இல்லை. மின்சாரம் வைத்திருந்தும் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஜாப் ஒர்க் கூடங்களைச் சட்டத்தின் பெரும்பகுதி தொடவும் இல்லை. 1984இல் 127 நாட்கள் நீடித்த பெரும் வேலைநிறுத்தம் பஞ்சப்படிக்காக நடந்தது. அதன் நியாயத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் பிந்தைய கூலி ஒப்பந்தங்களிலும் பேச்சு பெரும்பாலும் கூலி உயர்வின் விழுக்காட்டைச் சுற்றியே நின்றது. ஒன்றரை ஷிப்ட் ஊர் வழக்கமாகவே தங்கிவிட்டது.

ரத்தம்

சோர்வுக்குப் பயனுள்ள சிகிச்சை என்று சொல்லத்தக்க ஒரு முக்கியக் கண்டுபிடிப்பு ஒரு துணி நகரத்திலிருந்தே வந்தது. 1928இல் பம்பாய்க்கு வந்த ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், அங்கே ஏழைக் கர்ப்பிணிகளிடையே, குறிப்பாக ஆலைத் தொழிலாளர் பெண்களிடையே கண்ட கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். அவர்கள் உண்ணும் உணவை எலிகளுக்கும் பின்னர் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்து, இது தொற்றால் வருவதன்று, உணவில் ஏதோ ஒரு சத்து இல்லாததால் வருவது என்ற முடிவுக்கு நகர்ந்தார். ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்தபோது நோயாளிகள் தேறினார்கள். 1931இல் அவர் வெளியிட்ட இந்த முடிவே, பத்தாண்டுகளுக்குப் பின் ஃபோலிக் அமிலம் பிரித்தெடுக்கப்பட வழி திறந்தது. நம் பகுதிக்கும் இதில் பங்கு உண்டு. வில்ஸ் தம் ஆய்வின் ஒரு பகுதியைக் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், ராபர்ட் மக்காரிசன் நடத்திவந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் செய்தார், சென்னையிலும் பணிபுரிந்தார். இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்ட மக்காரிசன், தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவை மிகத் தாழ்ந்த இடத்தில் வைத்தார். மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் எட்டும் தொலைவில், காதர்பேட்டையின் முதல் கூடங்கள் ஓடத் தொடங்கிய அதே ஆண்டுகளில், தொழிலாளிப் பெண்ணின் அசதிக்கு விடை தேடப்பட்டது. அந்த விடை கீழே இறங்கி வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

அடுத்த முக்கியச் சான்று இலங்கையிலிருந்து கிடைக்கிறது. தேயிலைத் தோட்டப் பெண்களிடையே எட்கர்டன் முதலான ஆய்வாளர்கள் நடத்திய சோதனை 1979இல் வெளியானது. பெரும்பாலும் மலையகத் தமிழர் உழைக்கும் தொழில் அது. இரும்புச்சத்து பெற்ற பெண்கள் பறித்த கொழுந்தின் எடை கூடியது. யாருடைய ரத்தத்தில் ஹீமோகுளோபின் மிகக் குறைந்திருந்ததோ அவர்களிடமே முன்னேற்றமும் அதிகம். வேலை நேரத்துக்கு வெளியே அவர்களது அன்றாட நடமாட்டமும் கூடியது. இந்த ஆய்வின் தலைப்பிலேயே உற்பத்தித்திறன் நிற்கிறது என்பது வருத்தம் தருகிறது. எனக்கு முக்கியமாகப்படுவது கடைசிச் செய்திதான்: வேலை முடித்து வந்தபின் வீட்டிலும் வெளியிலும் நடமாட அந்தப் பெண்களுக்குத் தெம்பு மிஞ்சியது.

இந்தியாவில் இரும்பு மாத்திரைத் திட்டம் 1970இல் தொடங்கியது. அது முதன்மையாகக் கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் குழந்தைகளையும் குறிவைத்தது. பின்னர் வளரிளம் பெண்களுக்கான வார மாத்திரை பள்ளி, அங்கன்வாடி வழியே வந்தது. பள்ளியை விட்டு மில் விடுதிக்கும் கம்பெனிக்கும் போன பெண் இரண்டிலும் சேரவில்லை. 20 வயது கடந்த, கர்ப்பமில்லாத பெண்ணையும் சேர்த்துக்கொண்ட ரத்தசோகை ஒழிப்புத் திட்டம் 2018இல் வந்தது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. முந்தைய ஆய்வில் இது 55. மாத்திரை மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். குமட்டல், மலம் கறுப்பது என்று பாதியில் நிறுத்துவோர் பலர். ஹீமோகுளோபின் சீரான பிறகும் ஏறத்தாழ மூன்று மாதம் தொடர வேண்டும் என்பதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. உணவோடு சேர்த்துக் குடிக்கும் டீ இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதும், கம்பெனி வாசலிலேயே டீக்கேன் வந்து நிற்கும் ஊரில் சொல்லியாக வேண்டிய செய்தி.

பாட்டிலும் மாத்திரையும்

அசதியோடு இருந்தவர்கள் அரசுத் திட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் 1869இல் பரப்பிய கருத்து, நரம்பின் சக்தி தீர்ந்துபோவதே சோர்வு என்பது. மூளையால் உழைப்பவர்க்கே அது வரும் என்றும் அவர் எண்ணினார். அந்தக் கருத்து மேற்கில் மறைந்த பின்னும் இங்கே ‘நரம்புத் தளர்ச்சி’ விளம்பரங்களில், டானிக்குகளில், லேகியங்களில் நீண்டகாலம் வாழ்ந்தது. அந்த விளம்பரங்கள் பேசியது ஆணிடம்; நின்றே வேலை செய்த பெண்ணின் கால்வலியை அவை கண்டுகொள்ளவில்லை.

டானிக்கின் இடத்தைப் பிறகு ஊசியும் பாட்டிலும் பிடித்தன. உடம்புக்கு முடியவில்லை, ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டால் நாளைக்கு வேலைக்குப் போகலாம் என்ற நம்பிக்கை தமிழ்நாடெங்கும் உண்டு. 5 விழுக்காடு குளுக்கோஸ் உள்ள 500 மில்லி பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. இரண்டு மூன்று டீயில் கரைவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆயினும் அது வேலை செய்வதாகத் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. பாட்டில் இறங்கும் அந்த ஒரு மணி நேரம் அந்த உடல் படுத்திருக்கிறது. ஒன்றரை ஷிப்ட் அந்த உடலுக்குத் தராத ஓய்வை, அந்தத் தொழிலாளி தன் கூலியிலிருந்து காசு கொடுத்து வாங்குகிறார். இதை அறியாமை என்று தள்ளும் மருத்துவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

மாத்திரை கதை இன்னும் கசப்பானது. தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் ஏறத்தாழ நூறு பெண்களைச் சந்தித்து தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019இல் வெளியிட்ட விசாரணை, மாதவிடாய் வலிக்குப் பெயரில்லாத மாத்திரைகள் வேலையிடத்திலேயே தரப்பட்டதைப் பதிவு செய்தது; வேலை நிற்கக் கூடாது என்பதே நோக்கம். மாதவிடாயில் மிகுந்து போகும் ரத்தம் இரும்புக் குறைவுக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று. வலியை அடக்கி அனுப்பிவிட்டால், அசதியின் வேரைக் கண்டறியும் வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது.

சோதனையில் சிக்காத சோர்வு

எல்லா அசதியும் ரத்தசோகையால் வருவதில்லை. ஆய்வாளர் விக்ரம் படேல் குழுவினர் கோவாவில் 18 முதல் 50 வயதுள்ள 2494 பெண்களிடம் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், 12.1 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சோர்வைத் தெரிவித்தார்கள். மற்றக் காரணிகளைக் கணக்கில் கொண்டபின், ஹீமோகுளோபின் அளவுக்கும் அந்தச் சோர்வுக்கும் தனித்த தொடர்பு கிடைக்கவில்லை. கடன், பசி, கணவனின் வன்முறை, தன் முடிவைத் தானே எடுக்க இயலாமை, மனத்துயர் ஆகியவற்றோடு தொடர்பு வலுவாக இருந்தது. கோவாவின் முடிவை அப்படியே திருப்பூருக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் இரும்பு மாத்திரையோடு நின்றுவிடும் மருத்துவம் எதைத் தவறவிடும் என்பதை அது காட்டிவிட்டது.

தைராய்டு குறைவு, சர்க்கரை நோய், காசநோய், பி12 குறைவு, தூக்கக் கேடு, மனச்சோர்வு என ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கிய பிறகும் சிலரிடம் ஒரு சோர்வு எஞ்சும். படுத்து எழுந்தாலும் தீராது, சிறிது கூடுதலாக உழைத்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஆளையே சாய்த்துவிடும், நினைவு மங்கும், நின்றால் தலை சுற்றும். 1988இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ‘நாட்பட்ட சோர்வு நோய்க்கூறு’ என்ற பெயரில் இதற்கு வரையறை தந்தது. 2015இல் அமெரிக்க மருத்துவக் கழகம், உழைப்புக்குப் பின் மோசமாவதையே இதன் மைய அடையாளமாக்கியது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டுவதுதான் சிகிச்சை என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. நோயாளிகள் அதனால் கெட்டுப்போனதாகத் தொடர்ந்து முறையிட்டார்கள். 2021 அக்டோபரில் பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டுதலில் அந்த முறையை விலக்கி, இருக்கும் ஆற்றலுக்குள் வேலையை அளந்து செய்வதை முன்வைத்தது. முழுக் குணம் தரும் மருந்து இன்றும் இல்லை. கொரோனாவுக்குப் பிந்தைய நீண்ட சோர்வு இந்த நோயாளிகளின் பேச்சுக்கு உலகெங்கும் ஓரளவு காது கிடைக்கச் செய்தது.

அளந்து செய்வது என்ற இந்த ஒரே பயனுள்ள வழிதான் பீஸ்ரேட்டில் நடக்காதது. ஓவர்லாக் மெஷினில் ஒருவர் நிறுத்தினால் வரிசையே நிற்கும்; அந்த வாரச் சம்பளமும் குறையும்.

91 நாள்

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டு, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது. தமிழகத்தில் முதலில் கோவையில், 1955 ஜனவரியில். நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாட்கள்வரை கூலியில் 70 விழுக்காடு தருவது இதன் பெரிய கொடை. பல குடும்பங்களை அது காத்திருக்கிறது. பட்டியலிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு உதவி இரண்டாண்டுவரை நீளும். அந்தப் பட்டியலில் நாட்பட்ட சோர்வு இல்லை. அமெரிக்க வரையறைப்படி இந்நோயை உறுதிசெய்யவே ஆறு மாதம் வேண்டும். உதவியோ மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும். பஞ்சுத் தூசால் நுரையீரலைத் தாக்கும் பிசினோசிஸ் தொழில்சார் நோயாகச் சட்டத்தில் ஏறியது. மூச்சை அளக்கக் கருவி இருந்தது அதற்கு உதவியது. அசதிக்கு அப்படிப்பட்ட கருவி இல்லாததால் தொழிலாளியின் சொல்லே சான்று. அந்தச் சொல்லை நம்பும் பழக்கம் நம் மருத்துவமனைகளில் இன்னும் வரவில்லை. திருப்பூரில் நூறு படுக்கைக் காப்பீட்டு மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டதே 2019 பிப்ரவரியில்தான்.

அண்மை ஆண்டுகளில் நேரமும் உடலும் ஓரளவு சேர்த்துப் பேசப்பட்டிருக்கின்றன. 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்க்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. காதர்பேட்டைக் கடைகளில் நாள் முழுதும் நின்று சரக்கைப் பிரித்துக் காட்டுவோருக்கு நேரடியாகப் பொருந்தும் திருத்தம் இது. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே முதல் நாள் திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. திருப்பூரின் ஒன்றரை ஷிப்ட் அந்த 12 மணி நேரத்தை மசோதாவுக்கு முன்பே வாழ்ந்துகொண்டிருந்தது, பின்னும் வாழ்கிறது.

2024இல் தொடங்கிய ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் வேலையிடத்துக்கே சென்று ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறது. சர்க்கரைக்காக விரல் நுனியில் எடுக்கும் துளியைப் போல இன்னொரு துளி போதும், ஹீமோகுளோபினும் அங்கேயே தெரிந்துவிடும். கூடவே மூன்று கேள்விகள்: எத்தனை மாதமாக இந்த அசதி, ஓய்வெடுத்தால் தீர்கிறதா, நேற்று எத்தனை மணி வரை வேலை. மூன்றாவது கேள்வியை மருத்துவக் குறிப்பேட்டில் எழுத ஒரு கட்டம் ஒதுக்கப்பட வேண்டும்.