சத்தமும் நாதமும்: ஒரு தோலின் வரலாறு

கோவில்பதாகையில் ஒரு சாவு. தெருமுனையில் வைக்கோலைக் கொளுத்திப் பறை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தீயில் காட்டுவது, தட்டிக் காதுகொடுப்பது, மறுபடி காட்டுவது. கூட வந்த நண்பர், 'சத்தம் தாங்கல, வா போலாம்' என்றார். மார்கழி வந்தால் மிருதங்கம் கேட்க மயிலாப்பூர் வரை போகிறவர் அவர். ரெண்டும் தோல்தானே? ஒன்று நாதம், மற்றது சத்தம் என்று பிரித்தது காதா, ஊரா?

1863இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசையைக் காதின் உடலியலிலிருந்து விளக்கினார். மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் 2, 3, 4 மடங்காக அமைந்தால் காது அவற்றை ஒரே சுரமாகச் சேர்த்துக் கேட்கும். சீராக இழுத்துக் கட்டிய வெறும் வட்டத்தோலில் அவை 1.59, 2.14, 2.30 மடங்கு எனச் சிதறும், சுருதி திரளாது. 1920இல் சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 'நேச்சர்' இதழில் இந்திய மத்தளங்கள் இதற்கு விலக்கு என்று எழுதினார்கள். 1934இல் ராமன் மேலும் விரித்தார்: நடுவிலுள்ள கரும்பூச்சின் பாரத்தால் தோலின் முதல் ஒன்பது அதிர்வுமுறைகளும் ஐந்து இசைவான சுரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

கல்பொடியையும் சோற்றையும் குழைத்து, படலம் படலமாகத் தேய்த்து, தட்டித் தட்டிக் கேட்டு இதைச் செய்தவர் கையில் சமன்பாடு இல்லை, காது இருந்தது. செவியே பிறப்பிக்கும் ஒலிகளை வைத்து இசையமைத்தவர் அமெரிக்காவின் மேரியான் அமாக்கர். இங்கே கலை முந்தி, அறிவியல் பிந்தி.

ஆனால் அந்தக் காது யாருடையது? 1922இல் வந்த ராமனின் இன்னொரு கட்டுரை, பழங்கால இந்துக்களின் ஒலியியல் அறிவு பற்றியது. தலைப்பே ஒரு பட்டா. அறிவு இறந்தகாலத்தின் பேரில் எழுதப்பட்டுவிடுகிறது. பட்டறையில் உட்கார்ந்து மாட்டுத்தோலைப் பதம் பார்க்கிறவர் வெறும் கையாகிவிடுகிறார். ராமனைக் கூண்டிலேற்ற இதைச் சொல்லவில்லை. சொல்லாடல் அப்படித்தான் அவருக்குக் கிடைத்தது. மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' வெளிவர 2020 ஆயிற்று. விழாவுக்குத் தந்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. நூல் வேறிடத்தில் வெளியாயிற்று.

'அப்போ பறை சத்தம்னு இயற்பியலே சொல்லுதே' என்று கேட்கலாம். இயற்பியல் வித்தியாசத்தைத்தான் சொல்கிறது; மேல் கீழ் என்று அடுக்குவது நாம். காது சுருதி பிடிக்கும் கருவி மட்டுமல்ல. ஒலி எந்தக் கணத்தில் வெடிக்கிறது, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதையும் அது அளக்கிறது. பறை அந்தக் காதோடு பேசுகிறது. தீ தோலின் ஈரத்தை உறிஞ்ச, தோல் இறுகும், சுரம் ஏறும். எந்த இடத்தில் போதும் என்று நிறுத்துவது? அன்று அந்தத் தெருமுனையில் பறையைத் தீயிலிருந்து எடுத்தவருக்கு அது தெரிந்திருந்தது. நானும் நண்பரும் அதைக் கேட்கப் பழகாதவர்கள். செவிடு எங்கள் பக்கம்.