மேடை இறங்கியும் மங்காத மல்லர்

சென்ற வாரம் பழைய குஸ்திக் களங்களைப் பார்த்தோம். சேலம், நாமக்கல் பக்கத்துத் தேகப்பயிற்சிக் கூடங்கள் பலவற்றில் ஆஞ்சநேயர் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் தண்டால் எடுப்பார்கள். நாமக்கல் கோட்டை அடிவாரத்தில் கூரையின்றி வெயிலிலும் மழையிலும் நிற்கும் 18 அடி அனுமனைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. வடைமாலையோ வெண்ணெய்க் காப்போ, எது சாத்தினாலும் அந்தத் தோளின் திரட்சி தெரியும்.

1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமானந்த சாகரின் 'ராமாயண்' தொடங்கியது. அதில் அனுமனாக வந்தவர் மல்லர் தாராசிங். வயது ஐம்பத்தெட்டைத் தாண்டியிருந்தது. மல்யுத்தத்தை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. முன்துருத்திய ஒப்பனை வாய், மார்பில் புரளும் மாலைகள், கையில் கதை. இந்தி புரியாத வீடுகளிலும் அவர் வந்தால் புரிந்தது.

1928இல் பஞ்சாபின் தர்மூசக் கிராமத்தில் பிறந்தவர். 1947இல் பிழைப்புக்காகச் சிங்கப்பூர் போனார். அங்கே ஆலையில் வேலை, கிரேட் வேர்ல்டு அரங்கில் பயிற்சி. 1954இல் ருஸ்தம்-இ-ஹிந்த் என்ற இந்தியச் சாம்பியன் பட்டம். 1968 மே 29 அன்று பம்பாயில் அமெரிக்கர் லூ தெஸை வென்று உலகச் சாம்பியன் ஆனார். ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள மல்லர் கிங்காங்கைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றினார் என்ற பேச்சு இன்றும் டீக்கடைகளில் உயிரோடு இருக்கிறது. வம்புக்கு வருகிறவனிடம் "நீ என்ன பெரிய தாராசிங்கா?" என்று கேட்கிற பலர் அவர் மோதி ஒருமுறையும் பார்த்ததில்லை.

ஒருபோதும் தோற்றதில்லை என்பார்கள். எனக்கு அந்தக் கணக்கு பெரிதில்லை. ஜப்பானின் ஜூடோ மேதை மசாஹிகோ கிமுராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1951இல் பிரேசிலின் மரக்கானா அரங்கில் அந்நாட்டு வீரர் ஹெலியோ கிரேசியின் கையை முறுக்கி வென்றார். அந்தப் பிடியையே இன்று உலகம் கிமுரா என்கிறது. 1954 டிசம்பரில் தொழில்முறை மேடையில் மல்லர் ரிக்கிடோசானிடம் அடிபட்டு விழுந்தார். ஆனாலும் மல்லுப் பழகுகிறவர்கள் அவரை மறக்கவில்லை. கிமுராவின் புகழ் பயிற்சிக் கூடத்துக்குள் வாழ்கிறது. தாராசிங்கின் புகழோ பூஜையறை வரை வந்தது. குஸ்தியைக் கண்ணால் பார்த்திராத பாட்டிகளும் திரையில் அவர் தோன்றியபோது கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எந்தப் பட்டத்தையும்விட இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1985இலேயே 'முத்தாரம்குன்னு பி.ஓ.' என்ற மலையாளப் படத்தில் தாராசிங்காகவே தோன்றினார். அந்தப் பெயரே தெற்கிலும் கூட்டம் சேர்க்கப் போதுமானதாக இருந்தது. 2003இல் மாநிலங்களவை உறுப்பினரானார். 2012 ஜூலை 12 அன்று மும்பையில் காலமானார்.

அவரோடு பல மேடைகளில் மோதிய கிங்காங்கின் நிஜப் பெயர் எமில் சாயா. ஹங்கேரிக்காரரான அவர் 1970இல் சிங்கப்பூரில் இறந்தார். அவர் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.