நகைச்சுவை நாடக ஆக்கம் (கண்டிப் பிரதேசம்)

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்ததும் எதிர்ப்படுவது பேராதனை; 1952-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அங்கே குடியேறியபோது, சாதாரண ஜனங்களின் பேச்சையே நாடக பாஷையாக்கிய பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையும் (1903–1968) அதனோடு வந்தார். யாழ்ப்பாணத்துப் புலோலியிற் பிறந்து, இலண்டனில் மொழியியல் ஆராய்ந்த அவர், உடையார் மிடுக்கு, முருகன் திருகுதாளம், கண்ணன் கூத்து, நாட்டவன் நகர வாழ்க்கை என்னும் நான்கையும் 1940-இல் 'நானாடகம்' என நூலாக்கினார்.

இவற்றின் ஹாஸ்யம், பாத்திரம் வாய்திறந்த கணமே அவன் ஊரும் அந்தஸ்தும் சபையோருக்குப் புலனாகிவிடுவதிலிருந்து பிறப்பது. செந்தமிழில் மாற்றியெழுதினால், ஆங்கிலேயர் காலத்து ஊரதிகாரியான உடையாரின் மிடுக்கு வெறும் பிரசங்கமாக வற்றிப்போகும். பேராசிரியர் ஒருவர் இலக்கணத்தைச் சற்றே வெளித் திண்ணையில் அமர்த்திவிட்டு எழுதியது அந்நாளில் சிறிய துணிச்சலன்று. எனினும் யாழ்ப்பாணப் பேச்சின் நுட்பமான குத்தல்கள், தென்னிந்தியக் கிராமங்களின் பேச்சைச் சுமந்துவந்த மலையகத் தோட்டத்து ரசிகரிடம் அதே விளைவைத் தருமென்று கொள்ளுதல் பொருந்தாது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்துகளைப் புதுக்கியபோது, கர்ணன் போரை அடுத்து, 1963-இல் நொண்டி நாடகம் மேடையேறியது. தோட்டங்களிலோ மாசி மாதக் காமன் கூத்தே பிரதானம். அங்கே கோமாளியின் சம்பாஷணை ஏட்டில் எழுதப்படுவதன்று, எதிரில் நிற்பவரின் முகம்பார்த்து அவ்வப்போது பிறப்பது.