தேய்வதற்கென்றே ஒரு பொருள்

டோல்கேட் என்பது வண்டிகளை நிறுத்தியதால் பெயர் பெற்ற இடம். தண்டையார்பேட்டையைத் தாண்டித் திருவொற்றியூருக்குள் நுழையும் முகப்பில், வரி கொடுத்தால்தான் மேலே போகலாம் என்று எப்போதோ மறித்த சாவடி மறைந்துவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையத்துக்கும் அதே பெயர்தான். அன்று வண்டியை நிறுத்தியது கட்டை. மாட்டை நிறுத்தியது மூக்கணாங்கயிறு. இரண்டிலும் தேய்மானம் பற்றிய கவலை அதிகம் இருந்திருக்காது.

இங்கிருந்து எண்ணூர் வரையிலான கடற்கரைப் பட்டையை இந்திய வாகனத் தொழிலின் தொட்டில்களில் ஒன்று என்று சொல்வது மிகையல்ல. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆயிற்று. 1950களின் நடுவிலிருந்து என்ஃபீல்டு புல்லட்டின் இந்திய வீடு திருவொற்றியூர். 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் மறு ஆண்டே எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியே அனுப்பியது. 1955இல் அது அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. இந்தக் கதைகளில் எஞ்சினும் டயரும் வரும், முதலாளிகள் வருவார்கள், தொழிற்சங்கமும் வரும். பிரேக் வருவதில்லை. ஓடுவதற்கு வரலாறு எழுதுகிற நாம் நிற்பதற்கு எழுதுவதில்லை.

அந்த ஆஸ்டின் ஏ40 டெவன் காரின் பிரேக்கே ஒரு வரலாற்று ஆவணம்தான். முன்சக்கரங்களில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக், பின்சக்கரங்களில் கம்பி இழுக்கும் பழைய முறை. பாதி புதுயுகம், பாதி பழையது. நான்கிலும் டிரம்தான். சுழலும் இரும்புக் கிண்ணத்துக்குள் பிறைவடிவ ‘ஷூ’ இரண்டு விரிந்து உட்சுவரை உரசும். அந்த ஷூவின் முதுகில் ஒட்டிய லைனிங்தான் தேய்ந்து தேய்ந்து வண்டியை நிறுத்தும். அம்பாசிடரும் பத்மினியும் நம் குடும்பங்களைப் பல்லாண்டுகள் சுமந்தது இந்த டிரம்களை நம்பித்தான்.

டிரம்மின் குறை வெப்பம். ஏறத்தாழ 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது வெளிப்படும் ஆற்றல், முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. வீட்டில் நாலு பேருக்குக் காப்பி போட்டுவிடலாம். சூடேறிய டிரம் விரிந்து, ஷூவை விட்டு விலகிப் போகிறது. லைனிங்கும் பிடியை இழக்கிறது. மலையிறக்கத்தில் காலடியில் பெடல் பஞ்சுபோல் இறங்குவது இதனால்தான். தட்டு வடிவ டிஸ்க் திறந்த வெளியில் சுழல்கிறது. காற்று அதைக் குளிர்விக்கிறது. சூட்டில் விரிந்தாலும் தன்னைக் கவ்வும் பட்டைகளை நோக்கியே விரிகிறது. இதற்கான காப்புரிமையை ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902இலேயே இங்கிலாந்தில் பெற்றுவிட்டார். ஆனால் அவர் உலோகத்தின் மேல் உலோகத்தை உரசவிட்டார். அந்தக் கீச்சொலியைத் தெரு தாங்கவில்லை. 1953இல் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் லெ மான் பந்தயத்தை வென்ற பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. நம் குடும்பக் கார்களின் முன்சக்கரங்களில் அது வழக்கமாகியது 1980, 90களில்.

ஆக, டிஸ்க் என்ற யோசனை அரை நூற்றாண்டு காத்துக் கிடந்தது; குறுக்கே நின்ற சிக்கல்களில் முதலாவது, எதைக் கொண்டு உரசுவது என்பது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நாம் இன்று எதிர்கொள்ளும் கேள்வியும் அதுவேதான்.

அந்தக் கேள்விக்கு முதல் விடை சொன்னவர் ஹெர்பர்ட் ஃபுரூட். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைச்சரிவுகளில் வண்டிக்காரர்கள் மரக்கட்டையில் பழைய பூட்ஸ் தோலை அடித்துச் சக்கரத்தை நிறுத்துவதைப் பார்த்தே அவருக்கு யோசனை பிறந்தது என்பார்கள். 1897இல் அவர் தொடங்கிய தொழிலே ஃபெரோடோ. முதலில் பருத்தியும் பிசினும். சூடு தாங்காமல் அவை கருகின. 1908 வாக்கில் கல்நார் வந்தது. எரியாது, பிடி விடாது, விலையும் மலிவு. அரை நூற்றாண்டுக்கு மேல் உலகின் வாகனங்களை நிறுத்தியது ஆஸ்பெஸ்டாஸ் என்னும் இந்தக் கல்நார்தான்.

அது நிறுத்தியது வண்டிகளை மட்டுமல்ல. ராச்டேல் நகரின் டர்னர் சகோதரர்கள் ஆலையில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா 1924இல் தம் 33ஆம் வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் குக் எழுதிய கட்டுரைகள் வழியாகத்தான் ‘ஆஸ்பெஸ்டோசிஸ்’ என்ற நோய்ப்பெயர் மருத்துவத்துக்குள் வந்தது. நிறுவனம் இழப்பீடு தரவில்லை. அந்தக் குழுமம்தான் அதே 1920களில் ஃபெரோடோவையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் கல்நாரை முழுமையாகத் தடைசெய்தது. இந்தியாவில் 1995 ஜனவரியில் உச்சநீதிமன்றம் கல்நார்த் தொழிலாளரின் உடல்நலத்தை வாழ்வுரிமையின் பகுதியாக ஏற்றுத் தீர்ப்பளித்தது. ஆயினும் வெள்ளைக் கல்நாரின் இறக்குமதி இன்றுவரை முற்றாக நிற்கவில்லை. பேட் பெட்டியின் மேல் ‘ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது’ என்ற வரி இருக்கிறதா என்று நாம் தேடுவதன் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

இங்கே கொஞ்சம் மேற்கே, பாடிக்குப் போயாக வேண்டும். 1953இல் ஒன்றிய அரசு, வெளிநாட்டுப் பாகங்களை வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இனி இடமில்லை என்று கொள்கை வகுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. இங்கேயே செய்தாக வேண்டிய உதிரிபாகங்களுக்கு ஆலைகள் எழுந்தன. டி.வி.எஸ். குழுமம் இங்கிலாந்தின் லூகாஸுடன் சேர்ந்து 1962இல் பாடியில் தொடங்கியது பிரேக்ஸ் இந்தியா. கனரக வண்டிகளின் காற்றழுத்த பிரேக்குக்காக வந்த சுந்தரம் கிளேட்டனும் அதே ஆண்டுதான். 1964இல் ரானே பிரேக் லைனிங், 1974இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். ஓடுகிற வண்டியைச் செய்தது வடசென்னைக் கடலோரம், நிறுத்துகிற பாகத்தைச் செய்தது பாடியும் அம்பத்தூரும் என்று ஒரு வேலைப்பிரிவினை சென்னைக்குள்ளேயே அமைந்துபோயிற்று. என் பார்வையில், நம்மூர்க் கடைக்காரர் ‘கம்பெனி பீஸ்’ என்று சொல்லும்போது தொனிக்கும் அழுத்தத்துக்கு அடிப்படை இந்தப் பத்தாண்டுகள்தாம்.

“கம்பெனியா, லோக்கலா?” என்று அவர் கேட்கும்போது விலையை மட்டும் பார்ப்பது பெரும்பிழை. பேட் என்பது ஒரு சமையல் குறிப்பு. நார், பிசின், உலோகத் தூள், கிராஃபைட் என்று பத்துக்கும் மேற்பட்ட சரக்குகளை அழுத்தி வேகவைத்தது. இரும்பு நார் மிகுந்தது சூட்டைத் தாங்கும். ஆனால் டிஸ்க்கையும் தின்னும், சத்தமும் போடும். உலோகம் குறைந்த ‘ஆர்கானிக்’ வகை மெத்தென்று பிடிக்கும், சீக்கிரம் தேயும். ‘செராமிக்’ என்று விற்கப்படுவது அமைதியானது, தூசு குறைவு, விலை அதிகம். கண்டெய்னர் லாரிகளுக்கு இடையே நகர்ந்து நகர்ந்து நிற்கும் டோல்கேட் வண்டிக்குப் பந்தயக்கார பேட் எதற்கு? அது சூடேறினால்தான் சரியாகப் பிடிக்கும்; இங்கே காலையில் முதல் சிக்னலிலேயே பிடித்தாக வேண்டும். உற்பத்தியாளர் பூட்டியனுப்பிய அதே வகையை, பெயருள்ள நிறுவனத்திடமிருந்து, பில்லோடு வாங்குவதே குடும்ப வண்டிக்குப் பொருந்தும். பல பேட்களின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது குளிர்ந்த நிலையில், இரண்டாவது சூடேறிய நிலையில் உரசும் திறனைக் காட்டுவது. ‘இ’ குறைவு, ‘எஃப்’ நடுத்தரம், ‘ஜி’ அதிகம். இரண்டாம் எழுத்து முதலாவதைவிட இறங்கியிருந்தால், சூட்டில் அது கைவிடும் என்று பொருள்.

டிஸ்க் சாம்பல் நிற வார்ப்பிரும்பு. கடற்காற்றில் ஓரிரவு நின்றாலே அதன்மேல் செந்துரு படியும். முதல் நாலைந்து மிதியில் அது போய்விடும், அஞ்ச வேண்டியதில்லை. குழிவிழுந்த துருவும் விரல்நகம் மாட்டும் பள்ளமும் வேறு. ஒவ்வொரு டிஸ்க்கிலும் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். லேத்தில் கொடுத்துச் சீவினால் அந்த அளவுக்குக் கீழே போகுமென்றால் புதியதே வேண்டும். மெலிந்த டிஸ்க் சூட்டை ஏற்கும் கொள்ளளவை இழந்துவிடுகிறது. பேட்டில் உரசும் பகுதி மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் காத்திருக்கக் கூடாது. எப்போதும் ஒரே அச்சின் இருபுறமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒருபக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒருபுறம் இழுக்கும். இந்தக் கரையோரத்தில் காலிப்பர் நகரும் ஊசிகள் உப்பில் இறுகிப்போவது வழக்கம். அவற்றைக் கழற்றித் துடைத்து, உரிய கிரீஸ் இடாமல் புதிய பேட்டைப் போட்டால் ஒரு பேட் மட்டும் மாதக்கணக்கில் கரைந்துபோகும்.

கல்நாருக்கு மாற்றாகப் பரவலாக வந்த சரக்குகளில் செம்பும் ஒன்று. பேட்டிலிருந்து உதிரும் செம்புத்தூள் மழையோடு ஓடி மீன்களைக் கெடுக்கிறது என்று கலிஃபோர்னியா 2010இல் சட்டம் இயற்றி, 2025 முதல் அரை விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்றது. 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் எண்ணெயில் குளித்த எண்ணூருக்கு இது சின்னக் கவலைதான். ஆனாலும் குறிப்பேட்டில் சரக்கு மாறுகிற ஒவ்வொரு முறையும் அந்தத் தூள் யாரிடமோ போய்ச் சேர்கிறது.

அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஒரு மெக்கானிக் கடையில் பத்து நிமிடம் நின்றால் போதும். சக்கரத்தைக் கழற்றியதும் பையன் காற்றுக்குழாயை எடுத்து அந்தக் கரிய தூசை ஊதித் தள்ளுவான். முகத்தில் துணிகூட இருக்காது. பழைய பேடில் என்ன இருந்தது என்று அவனுக்கும் தெரியாது, வண்டிக்காரருக்கும் தெரியாது. “தம்பி, ஊதாதே, ஈரத்துணியால் துடை” என்று சொல்ல ஒரு பைசா செலவில்லை. பிரேக் கிளீனர் புட்டி ஒன்றை நாமே வாங்கிக் கொடுத்துவிடலாம்.